முப்பத்தெட்டு தடவை வந்து சேர்ந்தவள்

திங்கட்கிழமையிலிருந்து என் நாற்காலியில் நீங்கள் இருவரும் மாற்றி மாற்றி உட்காரப் போகிறீர்கள். ஒப்படைப்புக் கோப்பில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். எந்த சர்வர் எங்கே, எந்தச் சாவி எந்த ஆணியில், சாரல் அடித்தால் எந்த ஜன்னலை முதலில் மூட வேண்டும் என்பதுவரை இருக்கிறது. மூன்று முறை சரிபார்த்தேன். நான்காவது முறை பார்க்கும்போதுதான், ஒரு விஷயத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே தாண்டிப் போயிருப்பது எனக்கே தெரிந்தது.

நுழைவு நிரலின் பதினேழாவது வரி. முன்னால் # குறி போட்டு, ஓடாமல் அணைத்து வைத்திருக்கிறேன். அது என்ன என்று நீங்கள் கேட்காமல் இருக்கப் போவதில்லை. ஏல மேலாளரிடம் கேட்டால் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாதி சொல்வார். ஏலக்காய் வியாபாரி பாயிடம் கேட்டால் நடந்ததற்கு மேல் நாலு மடங்கு சொல்வார். அதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. பிரசவ விடுப்பும் அதற்குமேல் கெஞ்சி வாங்கிய விடுப்பும் முடிந்து திரும்பி வந்திருந்தேன். பாப்பாவை என் நாத்தனார் பார்த்துக்கொண்டார். என் கணவருக்கு மூத்தவர். இரண்டு தெரு தள்ளி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். வேலைக்குப் போய் சீட்டில் உட்கார்ந்ததும் வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்குக் கை ஓடாது, ஜாக்கெட்டில் கழுத்து கோணும்.

நம் ஏலக்காய் ஏல மையத்தில் தொழில்நுட்ப ஆட்கள் தினமும் கைப்பேசியை வாசலில் காவலரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். உங்களுக்கும் அதே விதிதான். திரும்பி வந்த முதல் வாரத்திலேயே இரண்டு நாள் நான் மதினிக்குச் சொல்ல மறந்து கைப்பேசியைக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாளும் அவர் அலுவலகத் தொலைபேசிக்கு அடித்தார். இரண்டு நாளும் எடுத்தவர் ஏல மேலாளர். இரண்டாவது நாள் அவர் என்னைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"வீடு வீட்டோட, சோலி சோலியோட இருக்கணும்மா. இன்னொரு தடவ ரெண்டும் கலந்துச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பேன். நிதானமாகச் சொன்னதால் வார்த்தைக்கு வார்த்தை மனதில் நின்றுவிட்டது. அந்த வேலை எங்கள் வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பதை இங்கே விரிக்க வேண்டாம். தேவை, அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் நுழைவு வேலை என் கைக்கு வந்தது. யாரோ ஒரு வியாபாரியின் கணக்கில் வேறு யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று ஒரு புகார். அதனால் ஒவ்வொரு நுழைவுக்கும் அந்தந்த வியாபாரிக்கு ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும் என்று மேலாளர் கேட்டார். நம் சர்வரில் இதற்கு வசதி இருக்கிறது. ஒருவர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்ததும், கதவைத் திறப்பதற்கு முன்னால், வெளியில் இருக்கும் ஒரு நிரலை ஓட்டிவிட்டு வா என்று அதனிடம் சொல்லலாம். அந்த நிரல் கால் நிமிடத்துக்குள் நல்லபடியாக முடிந்தால்தான் உள்ளே விடு, இல்லாவிட்டால் கடவுச்சொல் தவறு என்று திருப்பி அனுப்பு என்றும் சொல்லலாம். அது எப்படிப் போனாலும் ஆளை விட்டுவிடு என்றும் சொல்லலாம். கோப்பில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். நான் முதல் வகையைப் போட்டேன். பாதுகாப்பு விஷயம், கண்டிப்பாக இருப்பதுதானே முறை என்று நினைத்தேன். நான் எப்போதும் அப்படித்தான், கண்டிப்பாக இருந்தால் தப்பு வராது என்று நம்புகிறவள்.

வியாபாரிகளுக்குப் போகும் செய்தி நொடியில் போனது. அதைப் பார்த்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது. காலையில் நான் உள்ளே நுழைவதும் இதே கதவு வழியாகத்தானே? நான் நுழையும்போது மதினிக்கும் ஒரு செய்தி தானாகப் போனால்? நான் மறந்தாலும் சர்வர் மறக்காது. அலுவலகத் தொலைபேசி அடிக்காது. வீடும் சோலியும் கலக்கவே கலக்காது.

இங்கே என் நேர்மையையும் சொல்லிவிட வேண்டும். நிறுவனத்தின் குறுஞ்செய்திக் கணக்கில் சொந்தச் செய்தியை அனுப்ப மனசு ஒப்பவில்லை. மேசை இழுப்பறையில் ஒரு பழைய டாங்கிள் கிடந்தது. என் சொந்த சிம் ஒன்றை அதில் போட்டு, சர்வரின் பின்னால் செருகினேன். நிறுவனத்துக்கு ஒரு பைசா நஷ்டம் வைக்கவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த டாங்கிள் ஒரு செய்தி அனுப்பப் பத்து நொடி எடுக்கும். அதைவிட விசேஷம், வரிசையில் நிற்கும் கடைசிச் செய்தியும் போய்ச் சேர்ந்த பிறகுதான் 'முடிந்தது' என்று எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொல்லும். ஒரே ஒரு ஆள் தினம் ஒரு செய்தி அனுப்புவதற்கு அதில் என்ன குறை?

வெள்ளிக்கிழமை மதியம் அந்த வரியை எழுதினேன். 'நுழைகிறவர் நானாக இருந்தால் மட்டும்' என்று முன்னால் ஒரு நிபந்தனை. சோதித்தேன், போகவில்லை. நிபந்தனையில் பிழையா, டாங்கிளில் பிழையா என்று பார்க்க நிபந்தனையை எடுத்துவிட்டுச் சோதித்தேன். போய்விட்டது. "வந்து சேர்ந்துட்டேன் மதினி. பாப்பா என்ன பண்றா?" இனி நிபந்தனையைச் சரிசெய்து திரும்பப் போட வேண்டியதுதான் பாக்கி. கையை விசைப்பலகையில் வைத்தேன். காவலர் ஓடி வந்தார். வாசலில் என் கைப்பேசி விடாமல் அடிக்கிறதாம்.

மதினிதான். நம் ஊரில் எந்த வீட்டுத் தரையைப் பெருக்கினாலும் நாலு ஏலக்காய் கிடைக்கும் அல்லவா? பாப்பா அதில் ஒன்றை எடுத்து மூக்குக்குள் போட்டுக்கொண்டாள்.

எப்படி மதினி வீட்டுக்கு வந்தேன் என்பது நினைவில்லை. நான் வாசற்படி ஏறும்போது பாப்பா ஒரு தும்மல் போட்டாள். காய் தெறித்துத் தையல் மெஷினுக்கு அடியில் உருண்டது. "எட்டு மில்லி காயி, நல்ல உருட்டு" என்றார் மதினி, தரம் பார்க்கும் வியாபாரி மாதிரி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு. நான் அழுதேன், பாப்பா சிரித்தாள். நிபந்தனை நினைவுக்கு வரவே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை, ஏலம். இங்கே நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் மையத்தில் சனிக்கிழமை ஏலம் ஏன் பத்தரைக்குத் தொடங்குகிறது என்று எந்தக் கையேட்டிலும் இருக்காது. ஒன்பது முதல் பத்தரைவரை ராகு காலம். வியாபாரிகள் ஒன்பதரைக்கே வந்துவிடுவார்கள். காபி குடிப்பார்கள், மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்துக் காயை நசுக்கி முகர்வார்கள், மிச்சத்தைத் தரையில் எறிவார்கள், பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டி வைத்துக்கொள்வார்கள். ஆனால் நுழைவுப் பொத்தானில் விரல் படாது. சுவர்க் கடிகாரத்தில் பத்தரை ஆனதும், சொல்லி வைத்த மாதிரி அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அமுக்குவார்கள். மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் பார்த்த காட்சி. ஆனால் நுழைவு நிரலைச் சோதிக்கும்போது அது என் மூளைக்கு எட்டவில்லை. ஒற்றை ஆளாக உட்கார்ந்து, ஒற்றை விரலால் சோதித்தேன்.

பாய் மட்டும் விதிவிலக்கு. அவருக்கு ராகுவும் கிடையாது, கேதுவும் கிடையாது. பத்து பத்துக்கே உள்ளே நுழைந்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து மற்றவர்களை வம்புக்கு இழுப்பார். அன்றும் நுழைந்தார். அவருக்குப் பிரச்சினை எதுவும் வரவில்லை, பத்து நொடிதான் தாமதம். தையல் மெஷின் பக்கத்தில் மதினியின் கைப்பேசி ஒரு முறை சிணுங்கியிருக்கும். நான் ஏற்கெனவே எட்டே முக்காலுக்கு வந்து சேர்ந்திருந்தேன். இப்போது இரண்டாவது தடவை வந்து சேர்ந்தேன்.

பத்தரை. முப்பத்தைந்து, நாற்பது பேர் ஒன்றாக அமுக்கினார்கள்.

யாருக்கும் கதவு திறக்கவில்லை. கால் நிமிடம் கழித்து எல்லாத் திரையிலும் 'கடவுச்சொல் தவறு' என்று வந்தது. மறுபடி தட்டினார்கள். மறுபடி தவறு. மூன்றாவது தவறுக்குக் கணக்கு பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டும் நான் போட்டதுதான். ஒரே நிமிடத்தில் கூடம் சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒருவர் தன் கடவுச்சொல்லைப் பக்கத்து சீட்டுக்காரர் மாற்றிவிட்டதாகச் சொன்னார். அந்தப் பக்கத்து சீட்டுக்காரருக்கும் திறக்கவில்லை என்றதும், அது நடிப்பு என்றார். அதற்குள் எல்லாருடைய கண்ணும் பாய் மீது போய்விட்டது. கூடத்தில் உள்ளே இருந்த ஒரே ஆள் அவர்தான்.

"என்ன பாய், எங்களையெல்லாம் வெளிய வச்சுப் பூட்டிட்டு, நீரு மட்டும் ஏலம் கேக்கப் போறீராக்கும்?"

"ஒங்களுக்கு நல்ல நேரம் பொறந்துருச்சுல்ல மாப்ளே, உள்ள வாங்க. நான் கெட்ட நேரத்துலயே வந்து உக்காந்துட்டேன்" என்றார் பாய்.

எல்லாரும் சிரித்தார்கள். தோட்டக்காரர்கள் வரிசையில் நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. போடிமெட்டுக்குக் கீழே இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் அக்கா அவர். விடிகாலை ஜீப்பில் இறங்கி வந்திருந்தார். அன்றைய ஏலத்தில் முதலில் வரும் சரக்கு, அதாவது முதல் லாட்டு, அவருடையது. ஏழு வாரம் பறித்த காய் முழுவதும் அதில் இருந்தது. நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, பாய் ஒருத்தரு மட்டும் கேட்டா, அவரு சொன்னதுதான வெல? என் காயக் கட்டித் தூக்கிட்டுப் போகவா, நிக்கவா?"

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நம் மைய விதிப்படி ஏலம் கால் மணி நேரம் தாமதிக்கலாம். அதற்கு மேல் போனால் அன்றைய ஏலம் ரத்து. மணி பத்து முப்பத்தைந்து.

காலையில் சர்வருக்குள் நுழைந்த ஜன்னல் ஒன்றை நான் என் கணினித் திரையில் திறந்தே வைத்திருந்தேன். அதில் என்ன ஓடுகிறது என்று பார்த்தேன். நுழைவு நிரல் நூற்றுச் சொச்சம் பிரதிகளாக நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் டாங்கிளின் பதிலுக்குக் காத்திருந்தது. டாங்கிளின் வரிசையைத் திறந்தேன். திரை முழுக்க ஒரே எண். எனக்கு மனப்பாடமான எண்.

மதினியின் எண்.

அந்த ஒரு நொடியில் என் மனசு என்னவெல்லாம் யோசித்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. மேலே மழை பெய்துகொண்டிருந்தது. போடிமெட்டு மலைப்பாதையில் மண் சரிந்து கேபிள் அறுந்துவிட்டது என்றால் இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வாரம் ஒரு முறை உண்மையாகவே அறுகிறது. வாயைத் திறந்தும்விட்டேன். "சார், மெட்டுல" என்பதுவரை வந்துவிட்டது.

மேலாளர் அதற்குள் என் பின்னால் வந்து நின்றிருந்தார். கை சர்வரின் பொத்தானை நோக்கி நீண்டிருந்தது. "லைன் போச்சா? பரவால்ல, ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. வெரசா."

இதைக் கவனித்துக் கேளுங்கள். அந்தப் பொத்தானை அமுக்கியிருந்தால் சர்வர் நல்லபடியாகத்தான் எழுந்திருக்கும். ஆனால் நான் திறந்து வைத்திருந்த ஜன்னல் மூடியிருக்கும். நானும் அதே கதவு வழியாகத்தான் மறுபடி நுழைய வேண்டும். எழுந்த உடனே நாற்பது பேரும் பழையபடி அமுக்குவார்கள். டாங்கிளின் வரிசை மறுபடி நிரம்பும், அதைப் பிடுங்கினாலும் நிரல் முடியாது. என்னையும் சேர்த்து யாருக்கும் கதவு திறக்காது. அந்தக் கட்டடத்தில் பிழையைத் திருத்தக்கூடிய இடம் என் கண் முன்னால் இருந்த அந்த ஒரு ஜன்னல் மட்டும்தான். கேபிள் என்று பொய் சொன்னால் அவர் கை பொத்தானை அமுக்கும். அதைத் தடுக்க ஒரே வழி உண்மைதான். உண்மையைச் சொன்னால் வேலை போகும்.

அக்கா இன்னும் மேசைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"மெட்டுல ஒண்ணும் இல்ல சார். ஆஃப் பண்ணாதீங்க. தப்பு என்னுது" என்றேன். "யாரு உள்ள நொழஞ்சாலும் எங்க நாத்தனாருக்கு மெசேஜ் போற மாதிரி எழுதிட்டேன். அது போய் முடிஞ்சாத்தான் கதவு தெறக்கும்."

கூடம் முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் நினைத்ததைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.

"யாருக்கு?" என்றார் மேலாளர்.

"நாத்தனாருக்கு."

அவருடைய கை பொத்தானை விட்டு மெல்லக் கீழே இறங்கியது. சரியாக அதே நேரத்தில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. அவரே எடுத்தார். காதிலிருந்து அரை அடி தள்ளிப் பிடிக்கும்படி இருந்தது அந்தக் குரல்.

"எங்க வீட்டுப் பிள்ளைய அங்கன என்னய்யா பண்ணுறீக? முப்பத்தெட்டு தடவ வந்து சேந்துட்டேன் வந்து சேந்துட்டேன்னு சொல்லுறா. ஒரு மனுசி எத்தனை தடவ வந்து சேருவா? அவளுக்குக் கிறுக்குப் பிடிச்சுருச்சா, இல்ல யாரும் பிடிச்சுக் கட்டி வச்சிருக்கீகளா? நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வர்றேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேலாளர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"வர வேண்டாம்மா. ஒங்க பிள்ள வந்து சேந்துருச்சு. நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "பாப்பா என்ன பண்றா?"

பதிலைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தார். "மெசேஜ் சத்தத்துல முழிச்சுருச்சாம்" என்று எனக்குச் சொல்லிவிட்டு, "இன்னும் என்ன பாத்துக்கிட்டு இருக்க? செய்யி" என்றார்.

செய்தேன். பதினேழாவது வரிக்கு முன்னால் ஒரு #. டாங்கிளைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டேன். நின்றுகொண்டிருந்த நிரல்களை முடித்தேன், பூட்டிய கணக்குகளைத் திறந்தேன். உடனே எல்லாரையும் அமுக்கச் சொல்லவில்லை. ஒருவரை மட்டும் அமுக்கச் சொன்னேன். திறந்தது. பிறகு ஐந்து பேர். பிறகு மொத்தக் கூடமும். இதற்கெல்லாம் ஆறு நிமிடம் ஆனது. அந்த ஆறு நிமிடமும் பாய் தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாத்துக்கங்க, கீபோர்டுல நான் கை வைக்கல. அப்பறம் எவனும் நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசக் கூடாது" என்று அடிக்கடி அறிவிப்பு வேறு.

பத்து நாற்பத்து நாலுக்கு முதல் லாட்டு திரையில் ஏறியது. பாய் கையைக் கீழே இறக்கினார். அந்தக் காய்க்கு அவரும் எதிர் சீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார்கள். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜீப்பு பிடிக்கப் போய்விட்டார்.

ஏலம் முடிந்ததும் மேலாளர் கூப்பிட்டார். போகும் வழியிலேயே ராஜினாமா கடிதத்தின் முதல் இரண்டு வரியை மனசுக்குள் எழுதிவிட்டேன். இரண்டாவது வரியைத் திருத்தவும் தொடங்கியிருந்தேன். அவர் மேசையில் என் சிம்முக்கு வந்த பதில்களின் அச்சுப் பிரதி இருந்தது. விசாரணைக்கு வேண்டும் என்று அவர் கேட்டதால் நானே எடுத்துக் கொடுத்தது. அவர் படித்துக்கொண்டிருந்தார்.

'தூங்குறா.'

'தூங்குறான்னு சொன்னேன்ல.'

'இன்னும் தூங்குறா.'

'ஏத்தா நீ எங்க இருக்க?'

'முழிச்சுட்டா. ஒனக்கு இப்பச் சந்தோசமா?'

மடித்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேபிளு அறுந்துருச்சுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே. ஏன் சொல்லல?"

"நம்பியிருந்தா ஆஃப் பண்ணியிருப்பீங்க சார்" என்றேன்.

அவர் அந்த அச்சுப் பிரதியை இழுப்பறையில் போட்டு மூடினார். பிறகு ஒரு தண்டனை சொன்னார். இனி நுழைவுக் கோப்பில் நான் ஒரு புள்ளி வைத்தாலும் இன்னொருவர் முழுவதையும் படித்துப் பார்த்த பிறகுதான் அது அமலுக்கு வரும். அந்த இன்னொருவர் அவரே. அவருக்கு நிரல் எழுதத் தெரியாது. ஏலக்காயின் பச்சை நிறத்தில் பதினாறு வகை தெரியும், கணினியில் ஒரு வகையும் தெரியாது. அதனால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்து இரண்டே கேள்வி கேட்பார்: "இது யாரு வந்தா ஓடும்? ஓடாமப் போனா என்ன ஆகும்?"

முதல் மாதம் இதைவிடப் பெரிய அவமானம் இல்லை என்று இருந்தது. மூன்றாவது மாதம் ஒரு நாள், அவர் இல்லாதபோது, நானே விரலை வைத்து அந்த இரண்டு கேள்வியையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு நான் எழுதிய எந்த வரியும் யாரையும் வெளியே நிறுத்தவில்லை. இதை எழுதும்போதே அது உண்மைதானா என்று ஒரு சந்தேகம் வருகிறது. ஒரே ஒரு தடவை காவலரை நிறுத்தியது. அது வேறு கதை, அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமைகளில் பத்து பத்துக்குப் பாய் வந்து உட்கார்ந்ததும் என் மேசைப் பக்கம் திரும்பி, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "வந்து சேந்துட்டேன் மதினி" என்பார். உங்களிடமும் சொல்வார். "பாப்பா தூங்குறா பாய்" என்று பதில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் விடமாட்டார்.

பதினேழாவது வரியை நான் அழிக்காமல் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். நீங்களும் அழிக்காதீர்கள். புதிதாக எதையாவது அந்தக் கோப்பில் சேர்க்க உட்காரும்போது அதன் மேல் ஒரு முறை கண் பட்டால் போதும். சேர்ப்பதற்கு முன்னால் ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்து, நாற்பது பேர் ஒன்றாக அமுக்கி, நாற்பது பேரும் உள்ளே போகும்வரை அதை மூடாதீர்கள். மேலாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். அவர் இப்போதெல்லாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தயாராக வந்து உட்காருகிறார். அவருக்கு அது பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று. திங்கட்கிழமை முதல் நாள் நீங்கள் வந்து சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் எனக்கும் அன்று கை ஓடாது. வாசலில் கைப்பேசியைக் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் சொந்த விரலால் தட்டி அனுப்புங்கள். ஒரு தடவை போதும்.